திருக்கோவிலூர் வட்டாரத்தில் யானைக்கால் நோய் ஆய்வு: ஒளி நுண்ணோக்கியின் பணியும் எல்லையும்

1. களமும் கேள்வியும்

தென்பெண்ணையாற்றின் தென்கரையில் உள்ள திருக்கோவிலூர், 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரியும்வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் 1990-களின் நடுவில் யானைக்கால் நோய் பற்றிய நெடுங்கால ஆய்வொன்று தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் இதை நடத்தியது. சில ஊர்களில் ஆண்டுக்கொரு முறை மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். வேறு சில ஊர்களில் மாத்திரையோடு கொசு ஒழிப்பும் சேர்ந்தது: கழிவுநீர்க் குழிகளில் மிதக்கும் பாலிஸ்டைரின் மணிகளைக் கொட்டினார்கள், கிணறுகளில் கொசுப்புழு தின்னும் மீன்களை விட்டார்கள்.

எந்த வழி பலித்தது என்பதற்குச் சான்று இரண்டு இடங்களில்தான் கிடைக்கும். ஒன்று மனித இரத்தம், மற்றொன்று கொசுவின் உடல். இரண்டையும் திறந்து காட்டும் கருவி ஒளி நுண்ணோக்கி. நோய் இன்னும் பரவுகிறதா என்ற கேள்விக்கு அது தரும் விடையை, பின்னர் வந்த சோதனைகள் எவையும் முழுமையாக ஈடுசெய்யவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. இரத்தத் தடவல்

2.1 நேரம். நம் நாட்டில் இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமான வூக்கரேரியா பான்கிராஃப்டை புழுவின் குஞ்சுகளான மைக்ரோஃபைலேரியாக்கள் பகலில் நுரையீரலின் நுண்குழல்களில் தங்கி, இரவில் தோலடி இரத்தத்துக்கு வருகின்றன. அதனால்தான் சுகாதார ஊழியர்கள் இரவு எட்டு மணிக்குமேல் வீடுவீடாகப் போய் விரல்நுனியில் குத்தி இரத்தம் எடுக்கிறார்கள்.

2.2 செய்முறை. சுமார் 20 கனமில்லிமீட்டர் இரத்தத்தைக் கண்ணாடி வில்லையில் தடித்த படலமாகப் பரப்பி உலர்த்துவார்கள். பிறகு அதை நீரில் வைத்தால் சிவப்பணுக்களின் நிறம் கரைந்து போகும். அதன்பின் ஜீம்சா சாயமோ ஜே.எஸ்.பி. சாயமோ ஏற்றுவார்கள்.

2.3 அடையாளம். சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரான். மைக்ரோஃபைலேரியாவின் நீளமோ ஏறத்தாழ 250 முதல் 300 மைக்ரான். ஆகவே பத்து மடங்குப் பொருளருகு லென்ஸிலேயே அது கண்ணில் பட்டுவிடும். இனம் பிரிக்க மட்டும் உருப்பெருக்கத்தைக் கூட்ட வேண்டும். உடலைச் சுற்றிய உறை, உள்ளே வரிசையாக உட்கருக்கள், அவை எட்டாத வெறுமையான வால்நுனி ஆகியவை பான்கிராஃப்டையின் அடையாளம். பிரூஜியா மலாயியின் வால்நுனியில் இரண்டு உட்கருக்கள் இருக்கும்.

3. கொசுவை அறுத்துப் பார்த்தல்

3.1 வரலாறு. 1872-இல் திமோதி லூயிஸ் கல்கத்தாவில் மனித இரத்தத்தில் இக்குஞ்சுகளைக் கண்டார். 1877-இல் சீனத்தின் அமோய் நகரில் பேட்ரிக் மேன்சன், அவை கொசுவுக்குள் வளர்வதைக் கண்டறிந்தார்.

3.2 செய்முறை. வீடுகளில் பிடித்த, இந்நோயைப் பரப்பும் குலெக்ஸ் இனப் பெண்கொசுவை மயக்கி, இறக்கையையும் கால்களையும் நீக்கி, வில்லையில் வைக்கிறார்கள். தலை, மார்பு, வயிறு மூன்றும் தனித்தனி உப்புநீர்த் துளிகளுக்குப் போகின்றன. மெல்லிய ஊசிகளால் ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது பறப்புத் தசை இழை இழையாக விலகுகிறது. முதல்நிலைப் புழு குட்டையாகத் தடித்துத் தசைக்குள் கிடக்கும். தொற்றுத் திறன் பெற்ற மூன்றாம் நிலைப் புழு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டி நீண்டு, தலைத்துளியில் வேகமாகத் துடித்து நீந்தும்.

3.3 பொருள். மலேரியாக் கிருமிபோல இப்புழு கொசுவுக்குள் பெருகுவதில்லை. உள்ளே போன ஒரு குஞ்சிலிருந்து ஒரு புழுவுக்குமேல் வராது. ஆகவே ஏதாவதொரு நிலைப் புழு இருக்கும் கொசுக்கள் எத்தனை, அவற்றுள் மூன்றாம் நிலைப் புழு இருப்பவை எத்தனை என்று பிரித்து எண்ணினால், பரவும் வேகம் நேரடியாகத் தெரியும்.

4. எல்லைகள்

ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் பத்து மைக்ரோஃபைலேரியாக்கள் இருப்பவரை எண்ணிப் பார்ப்போம். 20 கனமில்லிமீட்டர் என்பது அதில் ஐம்பதில் ஒரு பங்கு. சராசரியாக 0.2 குஞ்சுதான் அதில் அகப்படும். நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட முறை வில்லை வெறுமையாகவே இருக்கும். மாத்திரை வேலை செய்யச் செய்ய இந்தக் குறை வளரும். இங்கேதான் முதிர்ந்த புழுவின் எதிரியாக்கியைக் காட்டும் சோதனையும் மரபணுச் சோதனையும் தேவைப்படுகின்றன. ஆனால் எதிரியாக்கி இருப்பதாலேயே இரத்தத்தில் குஞ்சுகள் உலவுவதாகச் சொல்லிவிட முடியாது. கொசுவில் புழுவின் மரபணு இருப்பது, அது சற்றுமுன் குடித்த இரத்தத்திலிருந்தும் வந்திருக்கலாம். அடுத்தவரைத் தொற்ற வைக்கும் நிலையில் புழு இருக்கிறதா என்பதைக் கண்ணே உறுதி செய்கிறது.

5. முடிவு

திருக்கோவிலூரில் மாத்திரை விநியோகம் நின்ற இடைவெளியில், மாத்திரையை மட்டும் நம்பிய ஊர்களில் பரவல் மீண்டும் தலைதூக்கியது. கொசு ஒழிப்பும் சேர்ந்த ஊர்களில் கிடைத்த பலன் நிலைத்தது. 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இம்முடிவுகள் வெளிவந்தன. இவ்வேறுபாட்டை வெளிக்கொணர்ந்ததில் கொசுக்களைப் பொறுமையாக அறுத்துப் பார்த்த கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

நோய் அருகிவரும் காலத்தில்தான் இத்திறன் அதிகம் வேண்டும். ஆனால் அப்போதுதான் பயிற்சிக்குரிய வில்லைகளும் அரிதாகின்றன. சாயமேற்றிய வில்லைகளைக் கல்லூரி விலங்கியல் துறைகள் பேணிக் காக்க வேண்டும். மாவட்ட ஆய்வகங்களில் கொசு அறுக்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெறுமுன் இளையவர்களை அவர்கள் அருகில் அமர்த்திப் பழக்க வேண்டும். நோய் ஒழிந்தது என்று சொல்லும் உரிமை, தேடத் தெரிந்தவர்கள் தேடிப் பார்த்த பிறகே நமக்குக் கிடைக்கும்.