தோலுக்கு அடியில் ஒன்று, ரத்தநாளத்துக்குள் ஒன்று: இரண்டு ஐசிடிகள், இரு வேறு ஆபத்துகள்

இதயத்தின் கீழறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கினால், சில நொடிகளில் மனிதர் நினைவிழந்து விழுவார். சில நிமிடங்களுக்குள் மின் அதிர்ச்சி கொடுக்காவிட்டால் உயிர் பிழைப்பது அரிது. அந்த அதிர்ச்சியைத் தரும் கருவி எப்போதும் உடலுக்குள்ளேயே இருந்தால் என்ன என்று கேட்டவர், வார்சாவில் பிறந்த மருத்துவர் மிஷெல் மிரோவ்ஸ்கி. பலர் நடக்காத காரியம் என்று ஒதுக்கிய அவரது கருவி, 1980 பிப்ரவரி 4 அன்று பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் வழிவந்தவையே இன்று உடலுக்குள் பொருத்தப்படும் அதிர்ச்சிக் கருவிகளான ஐசிடிகள்.

இன்று நோயாளியின் முன் வைக்கப்படுபவை முக்கியமாக இரண்டு. ஒன்று, பழகிய சிரைவழி ஐசிடி. இதன் பெட்டி காறை எலும்புக்குக் கீழே இருக்கும். அதிலிருந்து புறப்படும் லீட் எனும் மின்கம்பி சிரைக்குள் நுழைந்து வலது கீழறையின் உட்சுவரில் பதியும். மற்றொன்று தோலடி ஐசிடி. ஐரோப்பாவில் 2009இலும் அமெரிக்காவில் 2012இலும் அனுமதி பெற்றது. இதன் பெட்டி இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கத்தில் அமரும். லீட் மார்பெலும்பை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஓடும். இதயத்தையோ ரத்தநாளத்தையோ தொடுவதில்லை.

இருப்பிடம் மாறியதால் வேலையும் மாறுகிறது. தோலடிக் கருவி தூரத்திலிருந்து அதிர்ச்சி தர வேண்டியிருப்பதால் 80 ஜூல் வரை செலுத்துகிறது. சிரைவழிக் கருவிக்கு ஏறக்குறைய அதில் பாதியே போதும். அதனால் தோலடிப் பெட்டி பெரியது, கனமானது, அதன் பேட்டரி ஆயுளும் பொதுவாகக் குறைவு. இதைவிடப் பெரிய வேறுபாடு, சிரைவழி ஐசிடி பேஸ்மேக்கர் வேலையும் செய்யும் என்பது. துடிப்பு மிகவும் குறைந்தால் தூண்டிவிடும். கீழறை வேகமாகத் துடித்தால், வலியே தெரியாத சிறு மின்துடிப்புகளால் அதை முந்திச் சென்று அடக்கப் பார்க்கும். தோலடி ஐசிடியால், அதிர்ச்சிக்குப் பின் சிறிது நேரம் தூண்டுவதைத் தவிர, இவற்றைச் செய்ய முடியாது.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய பெரிய ஆய்வு பிரிட்டோரியன். ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் ரெய்னவுட் நாப்ஸ் தலைமையில் நடந்து 2020இல் வெளியானது. பேஸ்மேக்கர் உதவி தேவைப்படாத 849 பேரைக் குலுக்கல் முறையில் இரு அணிகளாகப் பிரித்து, சராசரியாக நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். கருவியால் வந்த சிக்கல், தேவையில்லாத அதிர்ச்சி இரண்டில் ஒன்றேனும் வந்தவர்களை எண்ணிப் பார்த்தபோது, தோலடி அணியிலும் 68 பேர், சிரைவழி அணியிலும் 68 பேர். தோலடிக் கருவி மற்றதற்குக் குறைந்ததல்ல என்று முடிவானது.

அந்தச் சம எண்ணோடு நின்றுவிடுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி. இரு பக்கத்திலும் உள்ளடக்கம் வேறு. கருவி சார்ந்த சிக்கல்கள் தோலடி அணியில் 31 பேருக்கு, சிரைவழி அணியில் 44 பேருக்கு. லீட் தொடர்பான சிக்கலை மட்டும் எடுத்தால் இடைவெளி இன்னும் அகலம்: 1.4 சதவீதம், 6.6 சதவீதம். தேவையில்லாத அதிர்ச்சியில் நிலைமை தலைகீழ்: தோலடியில் 41 பேர், சிரைவழியில் 29 பேர். இதிலும் காரணங்கள் வேறு வேறு. சிரைவழிக் கருவி பெரும்பாலும் மேலறையில் எழும் வேகத் துடிப்பைக் கீழறையினுடையது என்று எடுத்துக்கொண்டது. தோலடிக் கருவியோ துடிப்பை அடுத்து இசிஜியில் எழும் டி அலை போன்றவற்றையும் துடிப்பாகச் சேர்த்து எண்ணிவிட்டது.

தேவையான அதிர்ச்சி பெற்றவர்களும் தோலடி அணியில்தான் அதிகம்: 83, மற்றதில் 57. வலியின்றி அடக்கும் வசதி இல்லாதது இதற்கு ஒரு காரணம். இறப்பும் தோலடி அணியில் 83, மற்றதில் 68. ஆனால் இந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதல்ல.

அதன்பின் தோலடிக் கருவிக்குச் சாதகமான சான்றும் சேர்ந்திருக்கிறது. கனடாவின் அட்லஸ் ஆய்வில், முதல் ஆறு மாதத்தில் லீட் சார்ந்த பெரிய சிக்கல்கள் தோலடியில் 0.4, சிரைவழியில் 4.8 சதவீதம். அன்டச்ட் ஆய்வில், மேம்பட்ட நிரலோடு தோலடிக் கருவி பொருத்தப்பட்டவர்களில் 95.9 சதவீதம் பேர் 18 மாதங்களைத் தேவையில்லாத அதிர்ச்சி இன்றிக் கடந்தார்கள். தோலடிக் கருவியின் பெரிய குறை சுருங்கி வருகிறது.

லீட் முறிவு எந்த வகையையும் விட்டுவைக்கவில்லை. ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் என்ற சிரைவழி லீட் முறிவதாகத் தெரிந்து 2007இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. தோலடிக் கருவியின் எம்பிளம் 3501 லீடுக்கும் 2020 டிசம்பரில் முறிவு எச்சரிக்கை வந்தது. ஆனால் பின்விளைவு வேறு. தோலடி லீடை எடுப்பது பெரும்பாலும் எளிய அறுவை. ஆண்டுக்கணக்காகச் சிரையோடும் இதயத்தோடும் ஒட்டிப்போன லீடை எடுக்கும்போது நாளமோ இதயச் சுவரோ கிழிந்து உயிரே போகலாம். கிருமித்தொற்றும் அப்படியே, சிரை வழியாக அது ரத்தத்துக்கும் இதய வால்வுக்கும் பரவ முடியும்.

ஆகவே வயதும் நோயும் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். புருகாடா போன்ற பரம்பரை இதயத் துடிப்புக் கோளாறுள்ள இருபது வயதுக்காரர் இன்னும் பல பத்தாண்டுகள் இந்தக் கருவியோடு வாழப்போகிறவர். ரத்தநாளத்துக்குள் லீட் இல்லாதிருப்பது அவருக்குப் பெரும் பயன். டயாலிசிஸ் நோயாளிக்குச் சிரைகளைக் காப்பதே முக்கியம். முன்பு தொற்று வந்தவருக்கும் தோலடிக் கருவி பொருந்தும். மாறாக, துடிப்பு குறைந்தவர், இரு கீழறைகளையும் ஒருங்கிணைக்கும் சிகிச்சை வேண்டியவர், திரும்பத் திரும்ப ஒரே சீரான வேகத் துடிப்பு வருபவர் ஆகியோருக்குச் சிரைவழியே சரி. பொருத்துவதற்கு முன் செய்யும் இசிஜி சோதனையில் தேறாதவருக்குத் தோலடிக் கருவியை வைக்கக் கூடாது.

இந்த இரண்டுக்கும் நடுவே புதிய வழியும் திறக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால் லீடை வைத்து, நாளத்தைத் தொடாமலே சிறு மின்துடிப்பும் தரவல்ல ஐசிடிக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி தந்தது. பலருக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வதே தேவையில்லாமல் போகும் காலம் வரலாம்.

அதுவரை, எது பாதுகாப்பானது என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. தோலடிக் கருவியின் விலை வலியும் தவறான அதிர்ச்சியும். சிரைவழிக் கருவியின் விலை காலம் போகப்போக வளரும் லீட் ஆபத்து. எனக்குப் பேஸ்மேக்கர் உதவி தேவைப்படுமா, லீட் பழுதானால் யார், எங்கே எடுப்பார்கள், தவறான அதிர்ச்சியைத் தடுக்க என்ன செய்வீர்கள் என்ற மூன்று கேள்விகளை நோயாளியும் குடும்பத்தாரும் தயங்காமல் கேட்க வேண்டும். அவர்கள் கேட்காவிட்டாலும் மருத்துவர் இவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கையெழுத்து வாங்க வேண்டியது அதற்குப் பிறகுதான்.