தூசியா, மூக்குத்தியா?

ரொம்ப நாளா டிராஃப்டில் கிடந்த பதிவு. பாதி வரலாறு, பாதி ஸ்கேனர் புராணம். நடுநடுவே கொசுவத்தியும் சுத்தும். பொறுத்துக்கங்க மக்களே :-)

அருப்புக்கோட்டையில் எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்துச்சு. பேரு வேண்டாம். நடத்தினவரை ஊரே அண்ணாச்சின்னுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அவங்க அப்பா ஆரம்பிச்ச கடை. டிஜிட்டல் வந்தது, அப்புறம் ஆளாளுக்கு செல்போன் வந்தது, ஒருநாள் ஷட்டரை இறக்கிட்டார். மிச்சம் இருந்தது மச்சில 14 தகரப்பெட்டி நிறைய நெகட்டிவ்.

"தம்பி, பழைய எக்ஸ்ரே எடுக்கிறவன் வந்து இதையும் கிலோ கணக்குல கேக்கான். வெள்ளி பிரிச்சு எடுப்பானாம். குடுத்துறவா?" அப்படின்னார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, ஸ்கேன் பண்ணிட்டுத் தர்றேன்"னு வாயை விட்டேன். அங்க ஆரம்பிச்சது வினை.

வெள்ளி மேட்டர் நிஜம்தான். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் கறுப்பாத் தெரியறது பூராவும் வெள்ளி. பொடிப்பொடியா, உலோகமாவே ஜெலட்டினுக்குள்ள உக்காந்திருக்கு. கண்ணாடித் தகட்டில் எடுத்த நெகட்டிவா இருந்தா இன்னும் மோசம், சோடாவில் ஊறவச்சு வழிச்சுட்டு சாமி படத்துக்கு ஃபிரேம் போட கண்ணாடியா வித்துருவாங்க. நம்ம பாட்டன் பூட்டன் முகமெல்லாம் பல ஊர்ல இப்படித்தான் போச்சு.

கொஞ்சம் பழைய கதை

எங்க வட்டாரத்துக்குக் கேமரா வந்த கதையை மதுரையிலிருந்து ஆரம்பிக்கணும். சென்னை ராஜதானியின் அரசு போட்டோகிராஃபரா இருந்த கேப்டன் லினேயஸ் டிரைப் 1858ல் மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகாலையெல்லாம் படம் எடுத்தார். அவரோட நெகட்டிவ் ஃபிலிமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. மெழுகு ஏத்தின காகிதம்! இதில் ஒண்ணை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்: காகித நெகட்டிவில் வானம் சரியா விழாத இடத்துல மேகத்தையும், மரத்துல இலைகளையும் வர்ணம் தொட்டுக் கையால திருத்தியிருக்கார். அதாவது நெகட்டிவில் கை வைக்கிற பழக்கம் நம்ம பக்கம் போட்டோ வந்த நாளிலேயே வந்துருச்சு.

எங்க பக்கத்து திருச்சுழியில் 1879 டிசம்பர் 30ல் பிறந்தவர் ரமண மகரிஷி. அவர் 1896ல் மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போயிட்டார். இன்னைக்கு நாம பூஜை அறையில் பார்க்கிற அவரோட படங்கள் எல்லாம் அங்கே எடுத்தவை. ரொம்பப் பிரபலமான அந்த மார்பளவுப் படம் 1946ல் வெல்லிங் எடுத்தது. 1950 ஏப்ரலில் அவரோட கடைசி நாட்களில் கார்த்தியே-பிரஸ்ஸோன் அங்கே இருந்து படம் எடுத்திருக்கார். அவரை எடுக்க உலகத்துல பெரிய கேமராக்காரங்களே வந்தாங்க, சரி. அதே குண்டாற்றங்கரையில் அதே காலத்துல இருந்த ஒரு சம்சாரியை யார் எடுத்தா? எங்க அண்ணாச்சியோட அப்பா மாதிரி ஆட்கள்தான்.

அவங்க கையில் இருந்தது கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுப் பார்க்கிற மர கேமரா. ஆலப்புழையில் 1940களில் தொடங்கி செஞ்ச வாகீஸ்வரி கேமரா நிறைய ஸ்டூடியோவில் இருந்தது. அப்புறம் 120 ரோல் ஃபிலிம். ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம். அக்ஃபா கிளிக் வச்சிருந்த வீடு அந்தக் காலத்துல கொஞ்சம் வசதியான வீடு! ஊட்டியில் 1960ல் அரசு தொடங்கின இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்கிற பேர்ல நம்ம ஊர் ஃபிலிமையே போட்டுச்சு. அண்ணாச்சி பெட்டியிலும் அந்த மஞ்சளடைஞ்ச டப்பாக்கள் இருந்துச்சு. அந்தக் கம்பெனியும் இப்ப இல்லை.

பெட்டிக்குள்ள என்னதான் இருந்துச்சு? சிலோனுக்கும் பர்மாவுக்கும் போகறதுக்கு முன்னாடி எடுத்துக்கிட்டவங்க, கல்யாண ஜோடி, சடங்கான பிள்ளை, தறிக்காரங்க சங்கத்து குரூப் போட்டோ, 1977ல் எம்ஜிஆர் எங்க தொகுதியில் நின்னு ஜெயிச்சப்போ எடுத்த கூட்டம், 1993க்கு அப்புறம் சேஷன் கொண்டுவந்த வாக்காளர் அட்டை நேரத்துல வரிசையா உக்காந்த முகங்கள். மழை இல்லாத கரிசக்காட்டுல வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை போட்டோ எடுத்துக்கிட்ட ஆட்கள் ரொம்பப் பேர்.

மெஷின் புராணம்

சரி, ஸ்கேனருக்கு வருவோம். ஃபிலிமுக்குன்னே செஞ்ச ஸ்கேனர்களுக்கு ஆயுசு ரொம்பக் கம்மி. நிக்கான் கூல்ஸ்கேன் 1990களின் ஆரம்பத்தில் வந்தது, 2010 வாக்கில் நின்னுபோச்சு. மினோல்டா டிமாஜ் ஸ்கேனர்கள் போட்ட கோனிகா மினோல்டா 2006ல் கேமரா தொழிலையே விட்டுருச்சு. 2012 ஜனவரியில் கோடாக்கே திவால் பாதுகாப்பு கேட்டு நின்னுச்சு. மெஷினாவது ஓடும், அதோட டிரைவர் புது விண்டோஸில் ஓடாது. 60 வருஷத்து நெகட்டிவை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாலே ஆள் தெரியுது. 15 வருஷத்து ஸ்கேனரை ஓட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரையும் சேர்த்துக் காப்பாத்த வேண்டியிருக்கு! இந்த இடத்துல கைகொடுக்கறது எட் ஹாம்ரிக் 1998ல் வெளியிட்ட வியூஸ்கேன் மாதிரி மென்பொருள். கம்பெனி கைவிட்ட மெஷினுக்கும் அதுவே டிரைவர் வச்சிருக்கு.

கூல்ஸ்கேன் 5 மாதிரி மெஷினில் 35 மி.மீ. மட்டும்தான் போகும். என் பெட்டியில் பாதிக்கு மேல 120, மிச்சம் ஹாஃப் பிளேட் கண்ணாடி. அதனால மூடியில் லைட் இருக்கிற பிளாட்பெட் ஒண்ணை செகண்ட் ஹேண்டில் பிடிச்சேன். பெட்டியில் 6400 டிபிஐன்னு போட்டிருக்கும். அதை நம்பாதீங்க. என் மெஷினில் 2400க்கு மேல ஏத்தினா ஃபைல்தான் குண்டாகுது, விவரம் கூடலை. 120ல் ஒரு சதுரப் படம் 56க்கு 56 மி.மீ. 2400ல் அது சுமார் 5290க்கு 5290 புள்ளி, 2.8 கோடி. போதாதா?

வைக்கிற முறை எளிதுதான். மங்கலான பக்கம் ரசாயனப் பூச்சு, பளபளப்பு பக்கம் கீழே. சட்டைப் பாக்கெட் படத்துல இருக்கிற ஆளோட வலது மார்புப் பக்கம் தெரிஞ்சா தலைகீழா வச்சுட்டீங்கன்னு அர்த்தம். கண்ணாடித் தகட்டை ஸ்கேனர் கண்ணாடி மேல நேரா வச்சா வட்டவட்டமா வானவில் விழும், நியூட்டன் வளையம்னு பேரு. நாலு மூலையிலும் அட்டைத்துண்டு வச்சு லேசாத் தூக்கிட்டா சரியாயிரும். ஹாஃப் பிளேட் ஆறரைக்கு நாலே முக்கால் அங்குலம், என் மூடி லைட்டோ ரோல் ஃபிலிம் அகலத்துக்குத்தான் எரியும். ரெண்டு தடவை எடுத்து ஒட்ட வேண்டியதுதான்.

எங்க ஊரோட நிஜப் பிரச்சனை தூசி. கரிசல் புழுதி ஒரு பக்கம், தறிப் பஞ்சு ஒரு பக்கம். (வறண்ட ஊரா இருக்கிறதுல லாபமும் உண்டு. காத்துல ஈரம் இல்லாததால பூஞ்சை கம்மி. கடற்கரை ஊர்க்காரங்க பெட்டியைத் திறந்து பாருங்க, அழுகை வரும்.) தரையை ஈரத்துணியால துடைச்சு, ஃபேனை நிறுத்தி, சித்திரை வெயில்ல வேர்க்க வேர்க்க ரப்பர் பல்பால ஊதி ஊதி வச்சேன். அப்படியும் ஒவ்வொரு படத்துலயும் வெள்ளை வெள்ளையாப் புள்ளி.

கலர் ஃபிலிமுக்கு இதுக்கு அருமையான மருந்து இருக்கு. 1990களின் கடைசியில் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு கம்பெனி டிஜிட்டல் ஐஸ்னு ஒண்ணு கொண்டுவந்தது. கலர் ஃபிலிமின் சாயம் அகச்சிவப்பு ஒளியை விட்டுரும், தூசி விடாது. அகச்சிவப்பில் ஒரு தடவை பார்த்தா தூசி மட்டும் தனியாத் தெரியும், அந்த இடத்தை மட்டும் நிரப்பிடலாம். ஆனா கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளி. வெள்ளியும் அகச்சிவப்பை மறைக்கும். மெஷினுக்குப் படம் பூராவும் தூசியாத் தெரியும்!

நான் செஞ்ச தப்பு

அப்பத்தான் மென்பொருளில் 'தூசி நீக்கு'ன்னு இன்னொரு பட்டன் கண்ணுல பட்டுச்சு. இதுக்கு அகச்சிவப்பு எல்லாம் வேண்டாம். சின்னதா, வெள்ளையா, சுத்தி கறுப்பா இருந்தா தூசின்னு மென்பொருளே ஊகிச்சு அழிச்சுரும். அடிச்சேன் டிக். முதல் பெட்டி பூரா நாலே நாளில் முடிஞ்சது. படமெல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு. அண்ணாச்சிகிட்ட பெருமையாச் சொன்னேன்.

ஒரு மாசம் கழிச்சு திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாத்தா வந்தார். அவங்க ஆத்தாவை இந்த ஸ்டூடியோவில்தான் எடுத்ததாம், வீட்டுல இருந்த படம் கரையான் அரிச்சுப்போச்சாம். ரிஜிஸ்டரில் தேடினா நம்பர் இருந்துச்சு, முதல் பெட்டி. பெரிசா பிரிண்ட் போட்டுக் குடுத்தேன். காதுல தண்டட்டி, கையில காப்பு, எல்லாம் துல்லியம். ரொம்ப நேரம் பார்த்துட்டுக் கேட்டார்: "ஆத்தா மூக்குத்தி எங்கய்யா?"

சின்னதா, வெள்ளையா, சுத்தி கறுப்பா இருந்திருக்கும் இல்லையா?

"நெகட்டிவில் இருக்கும் தாத்தா, திரும்ப எடுத்துத் தர்றேன்"னு அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். "அதான் ஸ்கேன் பண்ணி முடிச்சாச்சுன்னியே தம்பி. அந்தப் பெட்டி போன வாரமே போயிருச்சு" என்றார். அவர் மேல தப்பே இல்லை. சொன்னது நான்தான்.

"கம்ப்யூட்டரில் வரைஞ்சு வச்சிரலாம் தாத்தா" என்றேன். "வரைஞ்சா அது எங்க ஆத்தா மூக்குத்தியா?" என்றார். படத்தை மட்டும் மடியில் வச்சு எடுத்துட்டுப் போனார். காசு வாங்கலை, வாங்க மனசு வரலை.

முதல் பெட்டியின் மத்த படங்களில் என்னென்ன போச்சுன்னு எனக்குத் தெரியாது. சொல்ல ஆள் வந்தாத்தானே தெரியும்.

அப்புறம் கத்துக்கிட்டது

மிச்சம் 13 பெட்டியையும் என் வீட்டுக்கே கொண்டுவந்துட்டேன். இப்ப எல்லா டிக்கையும் எடுத்துட்டேன். தூசி நீக்கல் கிடையாது, ஷார்ப்னெஸ் கிடையாது, ஆட்டோ எக்ஸ்போஷர் கிடையாது. நெகட்டிவா இல்லாம 'பாசிட்டிவ் ஃபிலிம்'னு சொல்லி உள்ளது உள்ளபடி எடுத்து, 16 பிட் டிஃப் ஃபைலா வைக்கிறேன். நேர்ப்படமா மாத்தறது, தூசி தட்டறது எல்லாம் நகலில்தான்.

இன்னொண்ணு, கறுப்பு வெள்ளையா இருந்தாலும் கலரிலேயே எடுக்கிறேன். ஒரு படத்துக்கு 168 எம்பி, கிரேஸ்கேல் மாதிரி மூணு மடங்கு. பைத்தியக்காரத்தனமா? காரணம் இருக்கு. டிரைப் மேகம் வரைஞ்ச மாதிரி நம்ம ஸ்டூடியோக்காரங்களும் நெகட்டிவில் கை வச்சாங்க. சுருக்கத்தை மறைக்கப் பென்சில். முகத்தை 'சிவப்பா' காட்ட என்ன செய்வாங்க தெரியுமா? முகத்து மேல நிஜமாவே சிவப்புச் சாயம்! பிரிண்ட் போடற புரோமைடு பேப்பருக்கு நீல ஒளிதான் உறைக்கும், சிவப்புச் சாயம் நீலத்தைத் தடுக்கும், அந்த இடம் பிரிண்டில் வெளுப்பா வரும். கலரில் ஸ்கேன் பண்ணினா நீலச் சேனலில் ஸ்டூடியோ குடுத்த வெள்ளை முகம் தெரியுது, சிவப்புச் சேனலில் சாயம் மறைஞ்சு வெயிலில் கறுத்த நிஜ முகம் தெரியுது. ஒரே நெகட்டிவில் ரெண்டு முகம். கல்யாணப் பொண்ணு படங்களில்தான் இந்தச் சாயம் அதிகம் கண்டேன். இது வரலாறு இல்லையா? கிரேஸ்கேலில் எடுத்திருந்தா ரெண்டும் கலந்து ரெண்டுமே போயிருக்கும்.

மூணாவது, முதல்ல ஸ்கேன் பண்ண வேண்டியது நெகட்டிவே இல்லை, ரிஜிஸ்டர். நம்பர், பேரு, ஊரு, தேதி. அது இல்லேன்னா மிச்சமெல்லாம் பேரில்லாத முகம். ஃபைலுக்கும் கவர் நம்பரையே பேரா வைங்க.

தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் பண்ணுற வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தோட உதவியில் செஞ்சிருக்கு. நல்ல காரியம். ஆனா ஊருக்கு ஒரு ஸ்டூடியோ இருந்துச்சே, எல்லா மச்சுக்கும் அவங்களால ஏற முடியுமா? உங்க ஊர் மச்சுல நீங்கதான் ஏறணும்.

இதுவரைக்கும் ஆறு பெட்டி முடிஞ்சிருக்கு. ஒரு பிரதி இங்கே, ஒரு பிரதி மதுரையில் சித்தப்பா வீட்டுல. முடிஞ்ச பெட்டிகளும் வீட்டுல பத்திரமா இருக்கு. வீட்டம்மா திட்டறாங்க, வாங்கிக்கிறேன்.

பின்குறிப்பு: "ஸ்கேன் முடிஞ்சது"ங்கற வார்த்தையை நெகட்டிவ் சொந்தக்காரர் காதுபடச் சொல்லாதீங்க. "இன்னும் வேலை இருக்கு அண்ணாச்சி"ன்னே சொல்லிக்கிட்டு இருங்க :-)