யாருடைய அழுத்தம் எதை மாற்றுகிறது? பெருநிறுவனங்களின் 'நிலைத்தன்மை'யும் திண்டுக்கல் ஒப்பந்தமும்

பெருநிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் 'நிலைத்தன்மை' என்னும் சொல் இன்று தவறாமல் இடம்பெறுகிறது. சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன், நிர்வாக நேர்மை ஆகியவற்றில் ஒரு நிறுவனம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதையே அது குறிக்கிறது. அந்நடத்தை தானாக மாறுவதில்லை. முதலீட்டாளர், நுகர்வோர், அரசு, தொழிலாளர், ஆலையைச் சுற்றி வாழும் மக்கள் ஆகியோரின் அழுத்தமே அதை மாற்றுகிறது. எனினும் எல்லா அழுத்தங்களும் ஒரே விளைவைத் தருவதில்லை.

முதலீட்டாளர்களின் அழுத்தம் பெரும்பாலும் அறிக்கைகளாக வெளிப்படுகிறது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுள் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ளவை, 2022-23 நிதியாண்டு முதல் நிலைத்தன்மை அறிக்கை அளிப்பதை செபி கட்டாயமாக்கியது. அதில் பணியாளர்களுள் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று கேட்கப்படுகிறது. சாதிவாரிக் கணக்கு கேட்கப்படுவதில்லை. கேட்கப்படாத ஒன்றுக்கு எந்த நிறுவனமும் பதில் சொல்லப்போவதில்லை.

சுற்றுவாழ் மக்களின் அழுத்தம் வேதி, உலோகத் தொழில்களில் வலுவானது. ஆனால் அதற்கு மக்கள் கொடுக்கும் விலை பெரிது. கொடைக்கானல் வெப்பமானி ஆலை பாதரச மாசு எதிர்ப்பால் 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் யூனிலீவரின் இந்திய நிறுவனம் உடன்பாடு கண்டது 2016இல்தான். தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் மக்கள் உயிரிழந்த பின்னரே ஸ்டெர்லைட் ஆலையை மூட அரசு ஆணையிட்டது.

ஆயத்த ஆடைத் துறையில் வேறொரு வழி உருவானது. 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் பணியாற்றிய இளம் தலித் பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். ஆலை மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்கள் தலைமையேற்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ், குளோபல் லேபர் ஜஸ்டிஸ் ஆகியவற்றின் துணையுடன் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகமும் எச் & எம் நிறுவனமும் சட்டப்படி கட்டுப்படுத்தும் திண்டுக்கல் ஒப்பந்தத்தை ஏற்றன; பின்னர் கேப், பி.வி.எச். நிறுவனங்களும் இணைந்தன.

பாலின வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் இவ்வொப்பந்தம் பெயர் சொல்லித் தடைசெய்கிறது. தொழிலாளர்களே தளக் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெறுகின்றனர். ஆலை விதிமீறினால் வணிக விளைவுகளைச் சந்திக்க வேண்டும். 2022 ஜூலையில் அவ்வாலையின் பொருள்களுக்கு அமெரிக்கச் சுங்கத்துறை விதித்த இறக்குமதித் தடை செப்டம்பரில் நீக்கப்பட்டது. அதற்கு இச்சீர்திருத்தங்கள் துணைநின்றன.

இது பலித்ததற்குக் காரணம், ஆலைக்குள் சங்கமும், ஆலைக்கு வெளியே கொள்முதல் செய்யும் நிறுவனமும் ஒரே ஒப்பந்தத்தால் பிணைக்கப்பட்டதே. செங்கல் சூளைக்கும் கல்குவாரிக்கும் அத்தகைய வெளிநாட்டு வணிகப்பெயர் இல்லை. அங்கு அரசும் சங்கமுமே அழுத்தம் தரவேண்டும். ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிலிலோ ஏற்றுமதிச் சங்கிலி இருக்கிறது.

ஆகவே எந்த நிலைத்தன்மை அறிக்கையைக் கண்டாலும் நாம் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும்: தொழிலாளர் சங்கம் இதில் கையெழுத்திட்டுள்ளதா? சாதி என்னும் சொல் இதில் இருக்கிறதா? மீறினால் நிறுவனம் எதை இழக்கும்? மூன்றுக்கும் பதில் இல்லையெனில் அது விளம்பரமே.