கற்பிப்போரைக் கற்பித்தல்: சென்னைக் கோட்டைக் கல்லூரியும் பல்லாரிப் பள்ளிகளும்

ஒரு மொழியை அறிதல் வேறு; அதனைத் தாய்மொழியாகப் பெறாதானுக்குக் கற்பித்தல் வேறு. பண்டிதர்களாகிய யாம் இவ்வேற்றுமையை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. யான் ஆசிரியத் தொழில் மேற்கொண்ட முதலாண்டில், வீட்டில் தெலுங்கு பேசும் மாணவனொருவன் 'அக்கா வந்தது' என்று எழுதினான். சிவப்பு மையாற் சுழித்தேன். மறுநாளும் அவ்வாறே எழுதினான், கடிந்துகொண்டேன். நன்னூற் சூத்திரத்தையும் ஒப்பித்துக் காட்டினேன். பயனில்லை. தெலுங்கில் 'வச்சிந்தி' என்னும் ஒரு சொல்லே 'வந்தாள்' என்பதற்கும் 'வந்தது' என்பதற்கும் பொதுவாய் நிற்கும் என்பதைப் பல்லாண்டு கழித்தே அறிந்தேன். பிள்ளை பிழை செய்திலன். தன் தாயின் இலக்கணத்தைத் தமிழிற் பெய்தான், அவ்வளவே. நம் சங்கத்துக் குடும்பங்களில் ஆசிரியர் பலராதலின், இவ்விடர்ப்பாட்டை நம் நாட்டார் முன்னர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

கும்பினியாரின் இளம் உத்தியோகஸ்தர்கள் சீமையினின்று வந்திறங்கியவுடன் இந்நாட்டு மொழிகளைக் கற்கவேண்டியிருந்தது. கல்கத்தாவில் வெல்லெஸ்லி பிரபு 1800-ல் வில்லியம் கோட்டைக் கல்லூரியை நிறுவினார். சென்னையில் எல்லிஸ் துரையின் முயற்சியால் 1812-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. திருக்குறளில் ஈடுபட்டுத் தம்மை 'எல்லீசன்' என்று வழங்கிக்கொண்டவர் இவரே. இக்கல்லூரியின் சிறப்பு, துரைமக்களுக்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்துஸ்தானியும் கற்பித்ததன்று. அப்பணி கல்கத்தாவிலும் நடந்தது. இந்நாட்டு இளைஞரைச் சேர்த்து, தலைமைப் புலவர்களிடம் பயிலுவித்து, அவரையே மொழியாசிரியராக ஆக்கும் ஏற்பாடும் இங்கே உடனிருந்தது. முன்ஷி என்பவன் மொழியை அறிந்திருந்தாற் போதாது, அவனுக்கும் பயிற்சி வேண்டும் என்று கண்டதே இதன் பெருமை. துரைமார்க்காகவே கண்டனர் என்பது வேறு செய்தி.

1816-ல் காம்பெல் துரை இயற்றிய தெலுங்கு இலக்கணம் வெளிவந்தது. அதன் முகப்பில் எல்லிஸ் ஒரு குறிப்பு வரைந்தார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியினின்று பிறந்தன அல்ல, தம்முள் ஓரினத்தன என்பதை வேர்ச்சொற்களை நிரல்பட வைத்து அதில் நிறுவினார். இதற்குத் துணை நின்றவருள் கல்லூரியின் தலைமைத் தெலுங்குப் புலவர் பட்டாபிராம சாஸ்திரியார் முதன்மையானவர். மொழிநூலார் இக்குறிப்பைப் பெரிதும் போற்றுவர். வகுப்பறையில் நிற்பானுக்கோ இதன் பயன் வேறு. இனமொழிகள் எங்கே ஒத்துச் செல்லும், எங்கே பிரியும் என்று தெரிந்த ஆசிரியன், மாணவன் இடறும் இடத்தை முன்னரே அறிவான். கன்னடப் பிள்ளைக்கு 'பந்தளு' என்ற பெண்பால் முற்று உண்டு. ஆதலின் 'வந்தாள்' என்பதில் அவனுக்கு இடர்ப்பாடில்லை. தெலுங்குப் பிள்ளைக்கே அது புதிது.

இவ்வறிவு ஊர்ப்பள்ளிகளை எட்டியதா? கவர்னர் மன்றோ 1822-ல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். அப்போது பல்லாரி ஜில்லாவின் கலெக்டராயிருந்தவர் மேற்கூறிய காம்பெல் துரையே. அவர் 1823-ல் அனுப்பிய அறிக்கை படிக்கத்தக்கது. அங்கிருந்த பள்ளிகள் 533. மாணாக்கர் 6,641 பேர். கன்னடம் கற்பித்தவை 235, தெலுங்கு 226, மராட்டி 23, பாரசீகம் 21, தமிழ் 4, ஆங்கிலம் 1. எஞ்சிய 23 அந்தணர் சாஸ்திரம் ஓதியவை. ஒரு பள்ளிக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பிள்ளைகளே வருதலின், இவை திண்ணைப் பள்ளிகள் என்பது விளங்கும்.

மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையைக் காம்பெல் வியந்து பாராட்டினார். அஃது இங்கிலாந்திலும் பின்பற்றப்பட்டதை எடுத்துரைத்தார். ஆயின் அவர் கூறிய குறையொன்று நெஞ்சைச் சுடுவது. ஆங்குக் கற்பிக்கப்பெற்றவை செய்யுள் நூல்கள். அவற்றின் மொழி பேச்சுமொழிக்கு மிகச் சேய்மையது. ஆசிரியருட் பலருக்கே பொருள் தெரியாது. பிள்ளைகள் கிளிபோல் ஒப்பித்தனர். சொந்த மொழியே அயன்மொழியாய் நின்ற நிலை இது. குறை கண்டவர் இலக்கணநூல் செய்தவர், கல்லூரி மேற்பார்வைக் குழுவிலும் இருந்தவர். ஆதலின் இதனை அயலாரின் ஏளனம் என்று தள்ளுதல் இயலாது.

இக்குறைக்கு மருந்தாவது உரைநடை. கல்லூரித் தமிழ்ப் புலவர் தாண்டவராய முதலியார் 1826-ல் பஞ்சதந்திரக் கதையை மராட்டியினின்று தமிழ் உரைநடையில் பெயர்த்து வெளியிட்டார். பன்மொழி வல்ல ஆசிரியரே பாடப்புத்தகமும் செய்தது எத்துணைப் பொருத்தம்! அவ்வாண்டிலேயே மன்றோவும் ஒரு திட்டம் வகுத்தார். ஜில்லாதோறும் இரண்டு பெரும்பள்ளிகள், தாசில்தோறும் ஒரு பள்ளி, அவற்றின் ஆசிரியரைப் பயிற்றச் சென்னையில் ஒரு தலைமைப்பள்ளி. தாசில் ஆசிரியருக்குத் திங்களுக்கு 9 ரூபாய், ஜில்லா ஆசிரியருக்கு 15 ரூபாய். மறுவருடம் ஜூலையில் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு மன்றோ இறந்தார். திட்டம் தளர்ந்தது; 1836-ல் அத்தாசில் பள்ளிகள் எடுபட்டன. எல்லிஸ் 1819-லேயே இராமநாதபுரத்தில் மறைந்திருந்தார். கோட்டைக் கல்லூரியும் 1854-ல் முடிந்தது.

ஆசிரியரைப் பயிற்றும் அரசாங்கப் பள்ளி 1856-ல் சென்னையில் ஏற்பட்டது. கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணமும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. ஓராண்டிற் பிறந்த இவ்விரண்டும் ஒன்றையொன்று முகம் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. யான் ஆசிரியப் பயிற்சி பெற்ற இடத்தில் மனநூல் கற்பித்தனர், பாடக்குறிப்பு எழுதக் கற்பித்தனர். அண்டை மொழியின் வினைமுற்றைப் பற்றி ஒரு சொல்லும் கூறினாரில்லை.

சென்ற திங்கள் என் வகுப்பிற் சிறுமியொருத்தி 'ரயில்வண்டி வந்தாள்' என்று எழுதியிருந்தாள். அவள் தந்தை வடநாட்டினின்று கட்டிட வேலைக்கு வந்தவர். இந்தியில் அஃறிணைப் பால் இல்லை. வண்டி பெண்பாலாகவே வழங்கும். சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு, "உங்கள் வீட்டில் இதை எவ்வாறு சொல்வீர்கள், அம்மா?" என்று வினவினேன்.