வானிலிருந்து வந்த சான்று: ஐதராபாத் பலூன் ஆய்வுகளும் புவிப்புற உயிர் பற்றிய வினாவும்

2007-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24 முதல் 28 வரை பன்னாட்டு விண்வெளிப் பேராயம் ஐதராபாத்தில் கூடியது. நகரின் மேற்கே, கொண்டாப்பூரை அடுத்துள்ள பன்னாட்டு மாநாட்டு மையத்தில் அது நிகழ்ந்தது. (சாதவாகனர் கால அகழாய்வால் வரலாற்றாசிரியர்கள் நன்கறிந்த கொண்டாப்பூர் வேறு, அது சங்காரெட்டிப் பகுதியிலுள்ளது.) புவிக்கு அப்பாலுள்ள அறிவுடைய உயிர்களைத் தேடுவது குறித்த கருத்தரங்கம் இப்பேராயத்தில் ஆண்டுதோறும் இடம்பெறும் பகுதிகளுள் ஒன்றாகும். ஆயின், இவ்வினாவிற்கும் ஐதராபாத்திற்கும் உள்ள தொடர்பு அம்மாநாட்டோடு தொடங்கியதன்று. வேற்றுலக உயிர் புவிக்கு வந்ததா என்பதைக் கதையிலிருந்து ஆய்வுக்கூடத்திற்குக் கொணர்ந்த முயற்சி ஒன்று அந்நகரில் முன்னரே நடைபெற்றிருந்தது. அம்முயற்சியின் வரலாற்றையும் அதன் சான்றுகளின் வலிமையையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாய்வுலகிற்கு இது அயலான பொருள் எனத் தோன்றலாம். ஆனால் பழந்தமிழ் நூல்களில் வேற்றுலகத்தார் வருகைக்குச் சான்று உண்டு என்று கூறுவோர் நம்மிடையே இல்லாமலில்லை. மாணிக்கவாசகரின் திருவண்டப்பகுதி அண்டங்களின் எண்ணிக்கையை நூறு கோடிக்கும் மேலாகக் கூறுவதை இவர்கள் எடுத்துக்காட்டுவர். அப்பகுதி இறைவனின் பெருமைக்கு முன் அண்டங்கள் யாவும் சிறுத்துப்போவதை உணர்த்துவது. அவ்வண்டங்களில் குடியிருப்போர் யார் என்பது அதன் பொருளன்று. உலகங்கள் பல என்னும் எண்ணம் தமிழில் தொன்மையானது என்பது வரை ஏற்கலாம். அதற்கு மேல் செல்வது உரை மரபிற்குப் புறம்பானதாகும்.

வருகை பற்றிய அண்மைக்காலச் செய்திகளும் பெரும்பாலும் இத்தகையனவே. இந்திய எல்லையில் நிகழ்ந்த ஒன்றை மட்டும் சுட்டலாம். 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை இலடாக்கில் பாங்காங் ஏரிப் பகுதியில் ஒளிரும் பொருள்களைப் படைவீரர்கள் 329 முறை கண்டு பதிவு செய்தனர். சீன உளவு விமானங்களாக இருக்கலாம் என ஐயுறப்பட்டது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் ஆராய்ந்து அவை வெள்ளியும் வியாழனுமே என முடிவு கூறினர். பயிற்சி பெற்ற காவலரின் கண்களுக்கே கோள்கள் ஊர்திகளாகத் தோன்றின என்றால், கண்டோர் கூற்று மட்டும் எத்துணை நம்பத்தக்கது என்பது எண்ணற்குரியது.

ஐதராபாத் ஆய்வு இவற்றினின்றும் வேறுபட்டது; அது கண்டோர் கூற்றை நம்பியதன்று. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் நிலையம் 1969 முதல் அந்நகரில் இயங்கி வருகின்றது. காஸ்மிக் கதிர் ஆய்வுக்காகவே அது தோற்றுவிக்கப்பெற்றது. புவிக்காந்த நடுக்கோட்டிற்கு அருகிலிருப்பதால் ஆற்றல் குறைந்த காஸ்மிக் கதிர்கள் அங்கு வந்தடைவது குறைவு. கடற்கரையிலிருந்து தொலைவிலிருப்பதால் இறங்கும் கருவிகளை நிலத்தில் மீட்கவும் இயலும். கதிரைத் தேடி நிறுவிய நிலையம் பின்னர் உயிரைத் தேடப் பயன்பட்டது.

இதன் பின்னணியில் நிற்பவர் பிரெட் ஹாயில். அறிவுடைய விண்முகில் ஒன்று கதிரவனை நெருங்குவதாக 1957-இல் புதினம் எழுதியவர் அவர். பின்னர், கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்கவுடன் இணைந்து, உயிர் விண்வெளியிலிருந்தே புவிக்கு வந்தது என்றும், நுண்ணுயிர்கள் இன்றும் வந்துகொண்டேயிருக்கின்றன என்றும் வாதிட்டார். கேம்பிரிட்ஜில் ஹாயிலின் மாணவராயிருந்த ஜயந்த் நார்லிகர் இக்கருத்தைச் சோதனைக்கு உட்படுத்த முன்வந்தார். வால்மீன் தூசியில் உயிர் வருமாயின் அது மேல்வளியின் வழியாகவே இறங்க வேண்டும். அங்கேயே அதைப் பிடித்துப் பார்க்கலாம் என்பது இதன் அடிப்படை.

2001 சனவரி 21-இல் முதற் பலூன் எழுந்தது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் அமைத்த கருவியில், காற்று நீக்கித் தூய்மை செய்யப்பெற்ற துருப்பிடிக்கா எஃகுக் குழல்கள் திரவ நியானில் அமிழ்த்தப்பட்டிருந்தன. குறித்த உயரத்தில் அடைப்பிதழ் திறந்ததும் புகும் காற்று குழலின் உட்சுவரில் உறைந்துவிடும். உறைய உறைய மேலும் காற்று உள்ளிழுக்கப்படும். இங்ஙனம் 41 கிலோமீட்டர் உயரம் வரையிலான காற்று சேகரிக்கப்பட்டது. கார்டிஃபில் ஆராய்ந்தோர் உயிருள்ள செல்களை மட்டுமே பற்றும் ஒளிர்சாயத்தால் நுண்ணுயிர்த் திரள்களைக் கண்டதாக அறிவித்தனர். இவ்வுயிர்ப்பொருள் நாள்தோறும் உலகு முழுமைக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு டன் அளவில் இறங்குகின்றது எனவும் கணித்தனர். சில குழல்களைக் கொண்டு இவ்வளவு பெரிய கணக்கிற்குச் செல்வது துணிச்சலேயாகும். ஆய்வுரையின் ஆசிரியர் வரிசையில் இடம்பெற்ற ஹாயில் அதே ஆண்டு ஆகஸ்டு 20-இல் மறைந்தார்.

புவியில் கையாளும்போது மாசு கலந்திருக்கலாம் என்ற மறுப்பு எழுந்தது. எனவே இரண்டாம் முறை கூடுதல் கட்டுப்பாடுகளுடன் 2005 ஏப்ரல் 20-இல் ஆய்வு நடத்தப்பட்டது. 2 கோடியே 67 இலட்சம் கன அடிக் கொள்ளளவுடைய பலூன் 459 கிலோ எடையுள்ள கருவித்தொகுதியைச் சுமந்து சென்றது; அதில் திரவ நியான் மட்டும் 38 கிலோ. 20 முதல் 41 கிலோமீட்டர் வரை வெவ்வேறு உயரங்களில் காற்று திரட்டப்பட்டுக் குழல்கள் வான்குடையால் இறக்கப்பட்டன. ஒரு பகுதி ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்திற்கும், மறுபகுதி புணேயின் தேசியச் செல் அறிவியல் மையத்திற்கும் அனுப்பப்பெற்றது. இரு கூடங்களும் தனித்தனியே ஆராய்ந்தமை இவ்வாய்வின் தலையாய சிறப்பு எனலாம். பன்னிரண்டு பாக்டீரியத் திரள்களும் ஆறு பூஞ்சைத் திரள்களும் வளர்ந்தன. பாக்டீரியங்களுள் மூன்று எங்கும் பதிவாகாத புதிய இனங்கள். புற ஊதாக் கதிரைத் தாங்கும் ஆற்றல் மிக்கவை. அவற்றுக்கு ஜானிபாக்டர் ஹாயிலி, பாசில்லஸ் இஸ்ரோனென்சிஸ், பாசில்லஸ் ஆர்யபட்டாய் எனப் பெயரிட்டு 2009 மார்ச்சில் அறிவித்தனர்.

புதிய இனம் என்பது வேற்றுலக இனம் என்று பொருள்படாது. புவியின் மண்ணிலும் நீரிலும் பெயரிடப்படாத நுண்ணுயிர்கள் எண்ணிலடங்கா. மேலும், இம்மூன்றும் புவியுயிர்களுக்குரிய அதே மரபணுவை ஒப்பிட்டே வகைப்படுத்தப்பட்டன. அறிந்த பேரினங்களுக்குள்ளேயே அமைந்தன. புவியுயிரும் விண்ணிலிருந்து வந்ததே, ஆதலின் உறவு இருக்கத்தான் செய்யும் என்பது விக்கிரமசிங்க தரப்பின் விடை. உறவு இருந்தாலும் சான்று, இல்லாவிடினும் சான்று என்றாகும் கருத்தை எந்த ஆய்வும் மறுக்க இயலாது. இதுவே அக்கோட்பாட்டின் பெருங்குறை.

உயரம் பற்றிய வாதம் இதனினும் வலியது. அயனமண்டலத்தில் 16, 17 கிலோமீட்டருக்கு மேல் காற்றின் மேனோக்கிய கலப்பு மிகக் குறைவாதலின் புவித்தூசி 41 கிலோமீட்டரை எட்டுவது அரிது என்றனர். ஆனால் 2022 சனவரியில் தொங்கா தீவின் எரிமலைப் புகை ஏறத்தாழ 57 கிலோமீட்டரை எட்டியது செயற்கைக்கோள்களால் அளக்கப்பட்டது. கீழிருந்து மேலே பொருள் செல்லும் வழி அடைபட்டதன்று என்பது இதனால் உறுதியாயிற்று. 2005-க்குச் சற்று முன் அத்தகைய வெடிப்பு நிகழவில்லை என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். ஐதராபாத் குழுவினர் தம் எல்லையை அறிந்தே இருந்தனர். நுண்ணுயிர்கள் புவிக்கு அப்பாலிருந்து வந்தன என நிறுவப்படவில்லை என 2009-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமே தெளிவுறக் கூறியது.

அறிவுடைய உயிரைப் பொறுத்தவரை இதுவரை ஒரு குறிப்பும் கிட்டவில்லை. மனிதர் அனுப்பியவை மட்டுமே உள்ளன. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் கலங்களின் பொன்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்துரை பதிவாகியுள்ளது. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் அதில் உள்ளன, தமிழ் இல்லை. இதில் சூழ்ச்சி தேடுவது வீண்; பெரும்பாலான பதிவுகள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிடைத்த பேச்சாளர்களைக் கொண்டே விரைவில் செய்யப்பட்டன. எனினும் குறை குறையே.

ஐதராபாத் நுண்ணுயிர்களின் பிற்கால வரலாறும் அறியத்தக்கது. பாசில்லஸ் ஆர்யபட்டாய் பின்னர் தேயிலை, சோயா ஆகிய செடிகளின் வேர்மண்ணிலிருந்து மீண்டும் மீண்டும் பிரித்தெடுக்கப்பட்டது. பயிர் வளர்ச்சிக்கு உதவுவது எனவும் கண்டறியப்பட்டது. 2020-இல் அது பிரீஸ்டியா என்னும் பேரினத்திற்கு மாற்றப்பெற்றது. இஸ்ரோனென்சிஸ் தற்போது சாலிபாசில்லஸ் என வழங்குகின்றது. இலத்தீனில் அப்பெயரின் முற்பகுதிக்கு மண் என்பது பொருள். ஹாயிலின் பெயர் தாங்கிய ஜானிபாக்டர் மட்டும் தன் பேரினப் பெயரிலேயே இருந்து வருகின்றது.