பறவை மனிதர்களின் தீவு – 4: முதல் முட்டை

மோத்து நூயி பாறைத்தீவில் காற்று ஓயவில்லை. குகைக்குள் நாலைந்து பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. கொண்டுவந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு தீரப்போகிறது. பறவையைத்தான் காணோம்.

சென்ற வாரம் இவர்களைச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிறுத்திவிட்டுப் போனோம். 250 மீட்டருக்கும் மேற்பட்ட அந்தச் சரிவில் தொற்றி இறங்கி, கோரையைக் கட்டிச் செய்த மிதவையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, சுறா திரியும் கடலில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீந்தி இங்கே ஏறியிருக்கிறார்கள். கிளம்பிய அத்தனை பேரும் வந்து சேர்வதில்லை. பாறையில் பிடி நழுவியவர்கள் உண்டு, அலையோடு போனவர்கள் உண்டு, சுறாவுக்கு இரையானவர்களும் உண்டு.

இவர்களுக்கு ‘ஹோப்பு’ என்று பெயர். ஏவலாட்கள். ஏவிய எசமானர்கள் எதிர்க்கரையில், ரானோ காவு எரிமலையின் உச்சியில், ஒரொங்கோ என்ற ஊரில் இருக்கிறார்கள். ஊர் என்றால் ஐம்பத்துச் சொச்சம் கல்வீடுகள். தட்டையான கற்பலகைகளை அடுக்கி, மேலே மண்ணும் புல்லும் போர்த்திய வீடுகள். வாசலில் குனிந்து நுழைய முடியாது, தவழ்ந்துதான் போகவேண்டும். ஒருபுறம் கோரை மண்டிய ஏரியோடு எரிமலையின் வாய், மறுபுறம் அதலபாதாளத்தில் பசிபிக். வருடத்தில் சில வாரங்கள் மட்டுமே அங்கே ஆள் நடமாட்டம்.

எல்லாம் ஒரு முட்டைக்காக. ‘மனுதாரா’ என்பது ஆலா இனத்துக் கடற்பறவை. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. செப்டம்பர் வாக்கில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். அது இடும் முதல் முட்டையை எந்த ஹோப்பு எடுக்கிறானோ, அவனுடைய எசமான்தான் அடுத்த ஓராண்டுக்கு ‘தங்காத்தா மனு’. அதாவது பறவை மனிதன்.

வானத்தில் இரைச்சல். குகைக்குள் இருந்தவர்கள் துள்ளி எழுகிறார்கள். பறவைகள் வந்துவிட்டன!

அவர்கள் தேடட்டும். இந்தப் பறவைகள் ஏன் பெரிய தீவை விட்டுவிட்டு இந்தப் பொட்டல் பாறைக்கு வருகின்றன என்பதற்கு, அந்தப் பெரிய தீவில் வாழும் ரப்பா நூயி மக்களிடம் ஒரு கதை இருக்கிறது. அதைக் கேட்காமல் மேலே போவது சரியில்லை.

கடற்கரைப் பாறை ஒன்றில் ஒரு மண்டையோடு இருந்தது. பூசாரிக் கிழவி ஒருத்தி அதற்குக் காவல். ஒருநாள் பேரலை ஒன்று வந்து மண்டையோட்டை அடித்துக்கொண்டு போயிற்று. கிழவி விடவில்லை. பின்னாலேயே குதித்தாள். நாள்கணக்கில் நீந்தி மோத்திரோ ஹிவா என்ற பாறைத்திட்டில் கரையேறினாள். (கதைதான் என்றாலும் இடம் நிஜம். சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி இன்றும் இருக்கிறது.) அங்கே ஹவுவா என்ற தெய்வம் எதிரில் வந்து, “எங்கே வந்தாய்?” என்றது. “என் மண்டையோட்டைத் தேடி வந்தேன்” என்றாள். “நீ துரத்தி வந்தது மண்டையோடு இல்லை. அவர்தான் மக்கேமக்கே” என்றது தெய்வம்.

மக்கேமக்கே அந்தத் தீவின் முதன்மைக் கடவுள். கிழவி அங்கேயே தங்கிவிட்டாள். பிறகு ஒருநாள் மக்கேமக்கேவுக்கு ஒரு யோசனை. திட்டில் இருக்கும் பறவைகளையெல்லாம் கிழவியின் ஊருக்கு ஓட்டிப்போவோம் என்றார். ஓட்டிப்போனார்கள். முதலில் விட்ட இடத்தில் ஊர்க்காரர்கள் முட்டைகளைத் துப்புரவாகத் தின்று தீர்த்தார்கள். இடம் மாற்றினார்கள். அங்கேயும் இதே கதி. கடைசியில்தான், மனிதன் சுலபத்தில் எட்டமுடியாத மோத்து நூயிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இந்தக் கதையை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அனக்கேனா கடற்கரையில் தொல்லியலாளர்கள் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட கடற்பறவை இனங்களின் எலும்புகள் கிடைத்தன. ஒருகாலத்தில் அந்தத் தீவு முழுக்கப் பறவைகள். மனிதர்கள் தின்றார்கள், அவர்களுடைய படகில் கூடவே வந்த எலிகள் முட்டைகளைத் தின்றன. மிஞ்சிய பறவைகள் கரையோரப் பாறைகளுக்கு ஒதுங்கின. நடந்ததைத்தான் கிழவியின் பெயரில் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சரி, மோத்து நூயியில் என்ன ஆயிற்று?

ஒருவன் கையில் முட்டை! பாறையின் உச்சிக்கு ஏறி, எதிர்க்கரையை நோக்கித் தன் எசமானின் பெயரைச் சொல்லிக் கத்துகிறான்: போய் மொட்டை அடித்துக்கொள், முட்டை உன்னுடையது! ஒரொங்கோவுக்குக் கீழே செங்குத்துப் பாறையில் ஒரு குகை. இந்தக் குரலைக் கேட்பதற்கென்றே அங்கே ஆள் வைத்திருப்பார்கள். அவன் மேலே தகவல் சொல்வான். முட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டு ஹோப்பு மறுபடியும் கடலில் இறங்குவான். முட்டை உடையாமல் நீந்தவேண்டும், அதே செங்குத்துப் பாறையில் ஏறவேண்டும்.

முட்டை வந்து சேர்ந்தால் எசமானுக்குத் தலை, புருவம், இமை எல்லாம் மழித்துவிடுவார்கள். உடம்பில் வண்ணம் பூசி, கையில் மரவுரி கட்டி, முட்டையை உள்ளங்கையில் ஏந்தச் செய்து ஊர்வலமாக மலையிறக்குவார்கள். அன்றோடு அவர் மனிதர்களில் சேர்த்தி இல்லை. ஓராண்டு தனி வீடு, தனிச் சமையல். குளிக்கக்கூடாது, நகம் வெட்டக்கூடாது. அந்த ஆண்டுக்கே அவர் பெயர்தான். முட்டையின் கருவை எடுத்துவிட்டு, ஓட்டுக்குள் மரவுரி திணித்து வீட்டில் தொங்கவிடுவார்கள். அவருடைய குலத்தாருக்கோ கொண்டாட்டம். மற்ற குலங்கள் உணவு கொண்டுவந்து கொட்டவேண்டும். மறுத்தவன் வீடு எரியும்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நீந்தியவனுக்கு? அவன் பெயரில் எந்த ஆண்டும் இல்லை. 1914-இல் இந்தத் தீவுக்கு வந்த ஆங்கிலேயப் பெண்மணி கேத்தரின் ரூட்லெட்ஜ், சடங்கை நேரில் பார்த்திருந்த முதியவர்களிடம் கேட்டுக் கேட்டு 86 பறவை மனிதர்களின் பெயர்களை எழுதிவைத்தார். அத்தனையும் எசமானர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தத் தீவுக்குப் பரம்பரை அரசர் ஏற்கெனவே இருந்தார். முதல் குடியேறி ஹோத்து மத்துவாவின் வாரிசு. தெய்வாம்சம் உள்ளவர் என்று யாரும் தொடமாட்டார்கள். ஆனால், நாம் முதல் வாரத்தில் பார்த்த அந்தப் பிரம்மாண்ட மோவாய் சிலைகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1722-இல் டச்சுக்காரர் ரொக்கவேன் வந்தபோது சிலைகளின் முன் நெருப்பு மூட்டி வணங்கியவர்கள் இருந்தார்கள். 1774-இல் கேப்டன் குக் வந்தபோதோ பல சிலைகள் குப்புற விழுந்து கிடந்தன. அதிகாரம் ‘மத்தத்தோவா’ என்ற போர்த்தலைவர்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆளுக்கு ஆள் வெட்டிக்கொள்வதைவிட, ஆண்டுக்கு ஒருமுறை ஒரு முட்டையிடம் தீர்ப்பை விட்டுவிடலாம் என்று அவர்கள் நினைத்திருக்கவேண்டும். என் கணக்கில் இது கெட்டிக்கார ஏற்பாடு. எவ்வளவு பெரிய மனிதன் ஆனாலும் அடுத்த செப்டம்பரில் பதவி காலி. நியாயமான ஏற்பாடு என்று மட்டும் சொல்லமாட்டேன்.

ஒரொங்கோவின் விளிம்புப் பாறைகளில் இந்தப் பறவை மனிதனை நூற்றுக்கணக்கில் செதுக்கியிருக்கிறார்கள். முழங்காலை மடக்கிக் குந்திய மனித உடல், கையில் முட்டை, கழுத்துக்கு மேலே பறவைத் தலை. வேடிக்கை என்னவென்றால், அந்த அலகு மனுதாராவின் அலகே இல்லை. ஆலாவுக்கு நேரான, ஊசி அலகு. இங்கே நுனி கொக்கியாக வளைந்திருக்கிறது. தொண்டைக்குக் கீழே பை வேறு. ஃப்ரிகேட் என்ற வேறொரு பெரிய கடற்பறவையின் முகம் அது. முட்டை ஒரு பறவைக்கு, முகம் இன்னொரு பறவைக்கு. ஆதியில் வணங்கப்பட்டது ஃப்ரிகேட்தான், அது அரிதாகிப்போனதும் மனுதாரா அந்த இடத்துக்கு வந்தது என்பது ஆய்வாளர்கள் சிலருடைய ஊகம்.

முட்டை விளையாட்டு 1860-களிலும் நடந்துகொண்டிருந்தது. அடுத்த பறவை மனிதன் யார் என்று கனவு கண்டு சொல்லும் பூசாரிகள் உண்டு. ஆனால் 1862 டிசம்பரில் வரப்போவது எவர் கனவிலும் வரவில்லை.

அந்த மாதம் கடலில் பாய்மரங்கள் தெரிந்தன. பெரு நாட்டிலிருந்து வந்த கப்பல்கள். மாலுமிகள் கரையிறங்கி மணிகளையும் கண்ணாடிகளையும் தரையில் பரப்பினார்கள். நூற்றுக்கணக்கான தீவுக்காரர்கள் சுற்றிக் கூடினார்கள். பலர் மண்டியிட்டுக் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கப்பல் தலைவன் துப்பாக்கியை உயர்த்திச் சுட்டான். அது மாலுமிகளுக்கான சைகை.

(அடுத்த வாரம்)