முப்பது கவிஞர்களும் ஒரு பூச்சிப் புத்தகமும்

இன்று தோக்கியோ என்று அழைக்கப்படும் நகரத்துக்கு அன்று எடோ என்று பெயர். அங்கே 1788-ல் ஓர் ஓவியர், முப்பது கவிஞர்கள், ஒரு பதிப்பாளர் எல்லோரும் சேர்ந்து பூச்சிகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார்கள். பெயர் 'எஹோன் முஷி எராமி'. 'தேர்ந்தெடுத்த பூச்சிகளின் படநூல்' என்று சொல்லலாம்.

பூச்சிக்கும் கவிதைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அந்தக் காலத்தில் எடோவில் 'கியோகா' என்ற கவிதை வகை சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. 31 அசைகள் கொண்ட சிறு கவிதை. கேலியும் சிலேடையும் நிறைந்தது. சாமுராய்களும் வியாபாரிகளும் ஒன்றாகச் சங்கம் வைத்து எழுதினார்கள். இந்த நூலைத் தொகுத்த யதோயா நோ மெஷிமோரி ஒரு விடுதிக்காரர்!

நூலில் 15 படங்கள், 30 கவிதைகள். ஒவ்வொரு படத்திலும் செடிகொடிகளோடு இரண்டு உயிர்கள். பூச்சியைப் பாடுவது போலக் காதலைப் பாட வேண்டும், அதுதான் போட்டி. தவளையும் பாம்பும்கூட இதில் உண்டு. அன்றைய ஜப்பானில் அவையும் 'முஷி' கணக்கில்தான் வந்தன.

படங்களை வரைந்தவர் கிடகாவா உதமாரோ. ஆனால் அவர் வரைந்ததோடு வேலை முடியவில்லை. வரைந்த தாளை மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை. ஒரே தாளை ஒவ்வொரு பலகையிலும் இம்மி பிசகாமல் வைத்து, கையால் தேய்த்து அச்சிட வேண்டும். தட்டானின் இறக்கை நரம்புகளை மரத்தில் செதுக்குவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் பணம்? கியோகா நூல்களின் செலவில் கவிஞர்களே பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். தங்கள் கவிதை அழகாக அச்சேற வேண்டும் என்ற ஆசைதான் காரணம். மலிவு விலைப் படங்களில் கட்டுப்படியாகாத நுணுக்கம் இப்படித்தான் சாத்தியமானது. பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோவுக்கு நஷ்ட பயம் குறைவு. அப்போது பெரும்புகழ் பெற்றிராத உதமாரோவுக்குத் திறமையைக் காட்ட ஒரு மேடை.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1787-ல் ஆட்சிப் பொறுப்புக்கு வந்த மட்சுதைரா சதனோபு சிக்கனத்தையும் ஒழுக்கத்தையும் வலியுறுத்தினார். நையாண்டி எழுதிய சாமுராய்கள் பலர் பயந்து ஒதுங்கினார்கள். 1790-ல் அச்சுத் தணிக்கை கடுமையானது. 1791-ல் தடையை மீறி நாவல்கள் வெளியிட்டதற்காக சுதாயாவின் சொத்தில் பாதி பறிபோனது. எழுதிய சாந்தோ கியோதெனுக்கு 50 நாள் கைவிலங்கு.

சுதாயா கடையை மூடிவிடவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் உதமாரோவைக் கொண்டு பெண்களின் முகங்களைப் பெரிதாகக் காட்டும் படங்களை வெளியிட்டார். உதமாரோவை உலகம் அறிந்தது அவற்றால்தான். பூச்சியின் மீசையைக் கூர்ந்து பார்த்துப் பழகிய கண்தான் பெண்ணின் கூந்தல் இழையையும் பார்த்தது.

அரசாங்கத்தால் பாதிச் சொத்தைத்தான் எடுக்க முடிந்தது. கவிஞர்கள் கூடிச் செலவழித்து வளர்த்த கைத்திறன் கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத சொத்து. அதை யாரும் ஜப்தி செய்ய முடியவில்லை!